புகாருக்கே முதலிடம்

மருத்துவமனையின் நுழைவாயிலில், நோயாளிகளின் வரிசை தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு மின்பலகை தொங்கியது. அதில் பச்சை எழுத்தில் 'இன்றைய பிழைகள்: 0' என்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்த முடியாத கழிப்பறையும் ஒரு சக்கரம் கழன்ற தள்ளுவண்டியும் அதே பலகைக்குக் கீழேதான் இருந்தன. அவை கணினித் துறைக்குள் வராதவை என்பதால் கணக்கில் இல்லை.

தினமும் காலை பத்து மணிக்குக் கணினித் துறை முழுவதும் அந்தப் பலகையின் கீழ் கூடும். இயக்குநர் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுவார். உடனே கைதட்டல் பொறுப்பாளர் முதலில் தட்டுவார், மற்றவர்கள் தொடர்வார்கள். அப்படியொரு பதவி உண்மையிலேயே இருந்தது. முன்பு ஒருநாள், யார் முதலில் தட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் விழிக்க, இயக்குநர் மௌனத்தில் நிற்க நேர்ந்தது. அந்த அவமானம் திரும்ப வரக் கூடாது என்று ஆள் எடுத்தார்கள். வரிசையில் நிற்கும் நோயாளிகளில் சிலர், உள்ளே யாருக்கோ உயிர் வந்துவிட்டது போலும் என்று நினைத்துத் தாங்களும் தட்டுவதுண்டு.

இந்தத் துறையில் சேர்ந்த இளம் பொறியாளரை எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு முன்பிருந்த மூத்த பொறியாளர் இயல்பாகவே 'பழசு' ஆகிவிட்டார். புதுசும் மற்றவர்களோடு நின்று கைதட்டினான். பிழையே இல்லாத இடத்தில் வேலை கிடைத்ததே என்று வீட்டில் பெருமையாகச் சொல்லவும் செய்தான்.

அதைக் கேட்டு எரிந்து விழுந்தவள் அவனுடைய அக்கா.

அக்கா பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைப்பவள். தடித்த ரெக்சின், அதைவிடத் தடித்த ஊசி, நாள் முழுக்க வலது காலால் மிதிக்க வேண்டிய பெடல். அந்த வலது காலின் பெருவிரலில்தான் கத்தரிக்கோல் விழுந்தது. சர்க்கரை நோய்க்காரியின் காயம், ஆறவில்லை. அதே மருத்துவமனையில் கொடுக்கும் இன்சுலினை வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். சர்க்கரை இறங்கவில்லை. ஏறியது.

"இனிப்பு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் மருந்து கொடுக்கும் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர்."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க. மருந்து நல்லா இருக்கு. மருந்து வச்சிருக்கிற ஃப்ரிட்ஜ் நல்லா இருக்கு. வாசல்ல பாருங்க, பிழை சைபர். அப்போ தப்பு எங்க இருக்கு?"

நர்ஸ் அவளுடைய கோப்பில் 'உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறார்' என்று எழுதினார். வீட்டில் அவள் கணவர் சர்க்கரை டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "அம்மா, மிட்டாயை எங்க ஒளிச்சு வச்சிருக்கே? எனக்கும் குடு" என்று மகள் அவள் தலையணைக்கடியில் தேடினாள். கடைசியாக அறுவை மருத்துவர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்துக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

"உங்க ஃப்ரிட்ஜ் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்தியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"அக்கா, பலகையில பிழையே இல்லன்னு..."

"பலகையா வந்து எனக்கு ஊசி போடுது? போய்ப் பாருடா, எருமை."

எருமை போய்ப் பார்த்தான்.

மருந்துக் கிடங்கில் எட்டு குளிர்ப்பெட்டிகள். அக்காவின் பேட்டைக்காரர்களுக்கு எப்போதும் நான்காம் பெட்டியிலிருந்துதான் மருந்து; மருந்துச் சீட்டிலேயே பெட்டி எண் இருக்கும். கிடங்குக்காரர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஜில்லென்றுதான் இருந்தது. "கையை விட்டுப் பாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். கதவில், 'உறைய விடாதீர். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது' என்ற ஒட்டுத்தாள் பாதி கிழிந்து தொங்கியது.

புதுசு தன் மேசைக்குத் திரும்பி வெப்பநிலைப் பதிவைத் திறந்தான். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியின் குளிரையும் வாசித்து எழுதி வைக்கும் கோப்பு அது. மற்றப் பெட்டிகளின் எண்கள் இரவெல்லாம் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் அசைந்தன. நான்காம் பெட்டி மட்டும் மாலையில் கிடங்கைப் பூட்டும்போது 4.6 டிகிரி என்றால், மறுநாள் காலை திறக்கும்வரை 4.6 என்றே நின்றது. ஒவ்வோர் இரவும் இப்படித்தான். உயிருள்ள இயந்திரம் இவ்வளவு ஒழுக்கமாக இருக்காது. பொய் சொல்கிறவர்கள்தான் ஒரே கதையை எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொல்வார்கள்.

வாசிக்கும் கட்டளையைத் தேடி எடுத்தான். ஒரே வரி:

`குளிர்வாசி >> பதிவு 2>/dev/null`

இந்த வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் ஒரு மருத்துவமனையின் குணமே இருக்கிறது. கட்டளைகளை எழுத்தால் கொடுக்கும் கருப்புத் திரைக்கு ஷெல் என்று பெயர். அங்கே ஓடும் ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு வாய்கள் உண்டு. முதல் வாய் கேட்டதற்குப் பதில் சொல்லும். அதன் எண் 1. இரண்டாவது வாய் கோளாறு வந்தால் மட்டும் பேசும். அதன் எண் 2. சாதாரணமாக இரண்டும் ஒரே திரையில் பேசுவதால் ஒரே வாய் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டையும் தனித்தனியே வேறு இடங்களுக்குத் திருப்பிவிடலாம். அம்புக்குறிதான் திருப்பும் கருவி. எண் போடாத அம்பு முதல் வாயைத் திருப்பும். முன்னால் 2 போட்ட அம்பு இரண்டாவது வாயைத் திருப்பும். இரட்டை அம்பு போட்டால், முன்பு எழுதியதை அழிக்காமல் அதற்குக் கீழே சேர்க்கும். பதிலோடு கோளாறு கலந்துவிடக் கூடாது, கோளாறு பதில்களுக்கு அடியில் மூழ்கிவிடவும் கூடாது என்று யாரோ நல்ல மனசுக்காரர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு.

வரியின் கடைசியில் இருக்கும் `/dev/null` ஒரு பாழுங்கிணறு. அதில் போட்டது எதுவும் திரும்ப வராது. விழுந்த சத்தம்கூடக் கேட்காது. ஆக, பெட்டிகளின் குளிரை வாசிக்கும் குளிர்வாசி என்ற கட்டளை இரண்டாவது வாயால் கத்துவதெல்லாம் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதோடு விடவில்லை. அடுத்த வரியில், வாசிப்பு எதுவும் வராத மணிக்கு முந்தைய மணியின் எண்ணையே திரும்ப எழுதும்படி இன்னொரு கட்டளை இருந்தது.

"ஏன் சார் இப்படி?" என்று பழசிடம் கேட்டான்.

"அறிக்கைக் கட்டத்துல ஓட்டை விழுந்தா இயக்குநருக்குப் பிடிக்காதுப்பா. நிரப்பிட்டோம்."

"கோளாறை ஏன் கிணத்துல போடுறோம்?"

பழசு அவனை இரக்கத்தோடு பார்த்தார். "வெளியில போட்டா யாராவது பாத்துடுவாங்க இல்ல?"

புதுசு இயக்குநரைப் போய்ப் பார்த்தான். அவருடைய அறைச் சுவரில், தங்க நிறச் சட்டத்துக்குள் துறையின் கொள்கை மாட்டப்பட்டிருந்தது: 'புகாருக்கே முதலிடம்'.

இயக்குநர் பொறுமையாகவே கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "தம்பி, நான் வர்றதுக்கு முன்னாடி இந்த மருத்துவமனையில திரும்பின பக்கமெல்லாம் பிழை. திரையைத் திறந்தாலே சிவப்பு. ஊழியர்களுக்கு மனச்சோர்வு, எனக்கு ரத்த அழுத்தம். பெரிய பெரிய ஆளுங்க வந்து, ஒவ்வொரு பிழையா கண்டுபிடிச்சுச் சரி பண்ணணும்னாங்க. அது எவ்வளவு பழைய சிந்தனை! நான் என்ன பண்ணேன்? பிழையோட வேரைப் பிடிச்சேன். பிழைக்கு வேர் எது? அதைப் பாக்குறதுதான். பாக்குறதை நிறுத்தினேன். ஒரே வரி. ஒரே நாள். சைபர். இதுக்காக எனக்கு விருது குடுத்தாங்க. விருது குடுத்தவங்க என்ன, முட்டாளுங்களா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் வேலை போய்விடும். ஆகவே புதுசு, "நாலாம் பெட்டியில மட்டும் பாத்துடலாம் சார்" என்றான். "கிணத்துல விழறதைப் பதிவிலேயே விழ வைப்போம். ஒரு நோயாளியோட கால் விரல் போகப்போகுது."

"எந்தத் துறை விரல்?"

"எங்க அக்கா விரல் சார்."

"அப்போ இது சொந்த விஷயம். சொந்த விஷயம்னா குழுவுக்குப் போகணும்."

குழு கூடியது. இயக்குநர், பழசு, கைதட்டல் பொறுப்பாளர் மூவரும்தான் குழு. முடிவு எட்டப்பட்டால் தட்ட வேண்டியிருக்கும் என்பதால் மூன்றாமவரும் தேவைப்பட்டார். புதுசு தான் எழுதிய வரியைச் சுவரில் பெரிதாகக் காட்டினான்:

`குளிர்வாசி >> பதிவு 2>&1`

"முதல்ல பதிலைப் பதிவுக்குத் திருப்புறோம். அப்புறம், `2>&1`, அதாவது ரெண்டாவது வாயும் முதல் வாய் போற இடத்துக்கே போகட்டும்னு சொல்றோம். அவ்வளவுதான்."

இயக்குநரின் முகம் சிவந்தது. "புகார் எங்க இருக்கு?"

"கடைசியில சார்."

"கடைசியில! புகாரை வரிசையில கடைசியா நிறுத்திட்டு என்கிட்டயே தைரியமா காட்டுறீங்க. என் சுவத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க. சத்தமா படிங்க."

"புகாருக்கே முதலிடம்."

"அதை முன்னாடி கொண்டு வாங்க."

அவரே எழுந்து போய் விசைப்பலகையில் மாற்றினார்:

`குளிர்வாசி 2>&1 >> பதிவு`

கைதட்டல் ஒலித்தது. புதுசு வரியைத் திரும்பப் படித்தான். அதே சொற்கள்தான், இடம்தான் மாறியிருக்கிறது. இரண்டோடு மூன்றைக் கூட்டினாலும் மூன்றோடு இரண்டைக் கூட்டினாலும் ஐந்துதானே என்று நினைத்துவிட்டான். அவன் செய்த ஒரே தப்பு அது.

மறுநாள் காலை பதிவைத் திறந்தான். கோளாறு ஒன்றுகூட இல்லை. நான்காம் பெட்டி, இரவெல்லாம் 4.6. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"புகாருக்கு முதலிடம் குடுத்தோம்" என்றார் இயக்குநர், பலகையின் கீழே நின்று, எல்லோரும் கேட்க. "மரியாதையா கூப்பிட்டு முன்னாடி உட்கார வச்சோம். அதுக்கே சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நாம என்ன பண்றது?"

அன்று மாலை புதுசு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்து, ஓர் உறையின் கோணல் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் மங்கலானதால் தையல் ஓடிவிட்டதாம். அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அக்கா, கோவிச்சுக்காதே. உண்மையிலேயே நீ எதுவும் சாப்பிடலியா?"

அக்கா கையிலிருந்த நூலை அறுத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"நீயுமாடா?" என்றாள். மறுபடி தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.

எருமை என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும், தான் எதைப் பார்த்து அவளைச் சந்தேகப்பட்டானோ அந்த வரியையே சந்தேகப்பட்டான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை: தன் திரையில், இல்லாத பெட்டி ஒன்றை வாசிக்கச் சொல்லி வேண்டுமென்றே கோளாறை வரவழைத்தான். பெட்டி எண் தொண்ணூற்றொன்பது. வரி, இயக்குநர் எழுதிய அதே வரி.

'அப்படியொரு பெட்டி இல்லை' என்ற கோளாறு அவன் திரையில் வந்து விழுந்தது. பதிவைத் திறந்தான், அதில் இல்லை. பதிவுக்குப் போயிருக்க வேண்டியது திரைக்கு வந்திருக்கிறது. இப்போது தன்னுடைய வரியைப் போட்டுப் பார்த்தான். திரை வாயைத் திறக்கவில்லை. கோளாறு ஒழுங்காகப் பதிவில் இருந்தது.

இடம் மாறினால் என்ன ஆகிறது? ஷெல் நம்மைப் போல வரியை மொத்தமாகப் பார்த்துப் புரிந்துகொள்வதில்லை. இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக, சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டே போகும். 1 என்பவன் அண்ணன், 2 என்பவன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். `2>&1` என்றால், 'தம்பி, அண்ணன் இப்போது இருக்கிற முகவரியை எழுதிக்கொள்; இனிமேல் உன் சாமானெல்லாம் அங்கே போகட்டும்' என்று பொருள். முகவரியைத்தான் எழுதிக்கொள்கிறான், அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவதில்லை. அண்ணன் முதலில் புது வீட்டுக்குப் போய்விட்டு, அப்புறம் தம்பி எழுதினால், இரண்டு பேரின் சாமானும் புது வீட்டுக்கு வரும். தம்பி முதலில் எழுதிக்கொண்டு, அப்புறம் அண்ணன் வீடு மாறினால்? தம்பியின் சாமான் பழைய வீட்டு வாசலிலேயே இறங்கிக்கொண்டிருக்கும்.

புதுசுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும்போது வரும் சந்தோஷம். அது ஒரு நொடிதான். அப்படியென்றால் வரி மாறியதிலிருந்து நான்காம் பெட்டி சொன்னதெல்லாம் எந்த வீட்டு வாசலில் இறங்கியது?

குளிர்வாசியை முதன்முதலில் ஓட்டிய, இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கும் திரையில். அந்தத் திரை, இயக்குநர் அறைக்கு வெளியே பார்வையாளர் கூடத்தில் இருந்தது. திறப்பு விழாவில் இயக்குநர் தம் ஆள்காட்டி விரலால் விசையைத் தட்டித் தொடங்கிவைத்த திரை என்பதால், அதை அணைக்கவும் நகர்த்தவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. தூசு படியாமல் இருக்க நீல வெல்வெட் துணி போர்த்தி, மேலே ஒரு பூஜாடி வைத்திருந்தார்கள்.

புதுசு பூஜாடியை எடுத்துத் தரையில் வைத்தான். துணியை இழுத்தான்.

திரை முழுக்க ஒரே வாக்கியம், மேலிருந்து கீழ்வரை.

'பெட்டி 4: வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. மருந்து உறைகிறது.'

'பெட்டி 4: வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. மருந்து உறைகிறது.'

கதவு திறக்காத நேரமெல்லாம் பெட்டி எல்லைமீறிக் குளிர்ந்து மருந்தை உறைய வைத்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்து மூட, மருந்து இளகி, பார்ப்பதற்கு நல்ல மருந்து மாதிரியே நின்றிருக்கிறது. கிடங்குக்காரர் கையை விட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்காமல் என்ன செய்யும்? பெட்டி ஒவ்வோர் இரவும் மணிக்கு ஒருமுறை, எண்ணுக்குப் பதில் கோளாறாக, உண்மையைச் சொல்லியிருக்கிறது. முதலில் கிணற்றுக்குள். பிறகு, முதலிடம் கிடைத்ததும், வெல்வெட்டுக்குள்.

இயக்குநரைக் கையோடு அழைத்து வந்து காட்டினான். அவர் திரையைப் படித்தார்.

"இது பதிவுல இருக்கா?"

"இல்ல சார். வரிசை மாறினதால..."

"பதிவுல இல்லாதது பிழை இல்ல. இது திரையில இருக்கிற எழுத்து." துணியைத் தாமே எடுத்து, நான்கு முனையும் ஒரே அளவில் தொங்கும்படி போர்த்தினார். "பூஜாடியை எங்க வச்சே?"

புதுசு பூஜாடியை எடுத்துக் கொடுத்தான். மேசைக்குத் திரும்பினான். குழுவைக் கேட்கவில்லை. வரியை மாற்றினான்:

`குளிர்வாசி >> பதிவு 2>> பலகை`

'பலகை' என்பது வாசலில் தொங்கும் மின்பலகை எதைக் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பு. பதில், பதிவுக்கு. கோளாறு, வாசலுக்கு. இந்தத் தடவை தம்பி அண்ணனிடம் முகவரி கேட்கத் தேவையில்லை. அவனுக்கே ஒரு வீடு. பிறகு அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னான். நான்காம் பெட்டி மருந்தைத் தொடாதே என்றான். தப்பு என்மேல்தான் என்றான்.

"தெரியும்" என்றாள் அக்கா. "நாளைக்கு டாக்டரைப் பாக்கிற நாள். வாசல்ல நில்லு, எருமை."

மறுநாள் காலை பத்து மணிக்குத் துறை கூடியது. இயக்குநர் வந்தார். பல காலப் பழக்கத்தில், நிமிர்வதற்கு முன்பே தலையாட்டிவிட்டார். கைதட்டல் பொறுப்பாளர் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பலகையில் இரவு முழுக்கச் சேர்ந்த வரிகள் சுழியத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன.

வரிசையில் நின்ற ஒரு முதியவர் சத்தமாகப் படித்தார். "நாலாம் பெட்டி... மருந்து உறைகிறது." கைதட்டல் ஓரிடத்தில் தேய்ந்து, தனியாக ஒரு கை மட்டும் தட்டி நின்றது.

"எனக்கும் நாலாம் பெட்டிதான்" என்றார் முதியவர். "என் மருமக டீயில சர்க்கரை போடறதை நிறுத்தி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? திருடித் தின்கிறேனாம். எழுபது வயசுல!"

"எனக்கும் அதே பெட்டிதான்யா. சண்டை போட்டு அம்மா வீட்டுக்கே போய்ட்டா என் பொண்டாட்டி" என்றார் பின்னால் நின்றவர்.

அக்கா ஊன்றுகோலோடு மருந்துச் சன்னலுக்கு நடந்தாள். உறைந்து இளகிய குப்பியை நர்ஸின் முன்னால் வைத்தாள்.

"கேளுங்க சிஸ்டர். தினமும் கேப்பீங்களே, இன்னைக்கும் கேளுங்க."

நர்ஸ் பலகையைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார். கோப்பை எடுத்து, தான் எழுதிய வரியைத் தன் பேனாவாலேயே அழுத்தி அடித்தார். பிறகு எழுந்து போய் ஆறாம் பெட்டியிலிருந்து புது மருந்து எடுத்து வந்தார். தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்த அறுவை மருத்துவரும் பலகையைப் படித்தார். அக்காவின் காலைக் குனிந்து பார்த்தார். "விரலை இப்ப யாரும் தொட வேண்டாம். நல்ல மருந்து போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

கூட்டம் பலகையை நெருங்க, இயக்குநர் கைகளை உயர்த்தினார். "அமைதி! இது பிழை இல்ல. பிழைன்னா பலகையில பிழைன்னு வரணும். இது வெறும் வாக்கியம்! ஒரு அனுபவமில்லாத ஊழியரோட..." யாரும் கேட்கவில்லை. அவர் புதுசின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம். அதுக்கு முன்னாடி இதை இங்கிருந்து திருப்பு. உடனே."

"எங்க சார் திருப்பட்டும்?"

"எங்கயாவது! எங்க வேணும்னாலும்!"

"சொல்லுங்க சார், எங்க?" என்றாள் அக்கா. ஊன்றுகோலை ஊன்றி அவருக்கு எதிரில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்கா? இத்தனை நாளா அங்கதானே அனுப்பிட்டு இருந்தீங்க?"

இயக்குநர் வாயைத் திறந்தார். வரிசையில் நின்ற எல்லோரும் அந்த வாயையே பார்த்தார்கள். அதிலிருந்து எதுவும் வரவில்லை.

அன்று நான்காம் பெட்டியின் கதவை யாரும் திறக்கவில்லை. ஆகவே பதினோரு மணிக்குப் பலகையில் இன்னொரு வரி ஏறியது. கைதட்டல் பொறுப்பாளரின் கைகள் தாமாகவே பாதிவரை உயர்ந்தன. அவர் சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.